இயற்கை அழகுப்பொருள் பயிற்சிக்கு 7,699 ரூபாய் கட்டினேன்: நடந்தது இதுதான்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கற்றாழை ஜெல்லை வீட்டில் அரைத்து, விட்டமின் ஈ மாத்திரையை மட்டும் உடைத்து ஊற்றி, "ஆறு மாதம் கெடாது" என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த டப்பாவை இன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜவுளிக்கடை வேலை. சின்னவன் பிறந்த பிறகு போக முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு. ஹெர்பல் சோப்பு, கற்றாழை ஜெல், குங்குமப்பூ நைட் கிரீம், ஷாம்பு என்று மொத்தம் 18 பொருட்கள். "கெமிக்கல் ஒரு துளி இல்லை, முதல் மாதமே வருமானம்" என்று போட்டிருந்தார்கள். கட்டணம் 2,999. வகுப்பு முடிந்த அன்று, பொருட்கள் அடங்கிய கிட் 3,200 என்றார்கள். ஒரு வாரம் கழித்து, விற்பதற்கு அரசு லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி 1,500. மொத்தம் 7,699 ரூபாய். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

வகுப்பு எடுத்தவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். நன்றாகப் பேசுவார், சிரித்த முகம். சந்தேகம் கேட்டால் வாட்ஸ்அப் குழுவில் உடனே பதில் வரும். அதாவது பணம் கட்டி முடிக்கும் வரை.

ஜெல்லுக்கு அவர் சொன்ன அளவு இது: கற்றாழைச் சதை ஒரு கப், ரோஸ் வாட்டர் அரை கப், கிளிசரின் இரண்டு ஸ்பூன், விட்டமின் ஈ மாத்திரை நான்கு. மிக்ஸியில் அடித்து வடிகட்டி டப்பாவில் ஊற்ற வேண்டியதுதான். கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். "விட்டமின் ஈ தான் இயற்கையான பிரிசர்வேட்டிவ், வெளியில் வைத்தாலே ஆறு மாதம் தாங்கும்" என்று பதில் வந்தது. நானும் நம்பினேன். கற்றாழையைச் சீவினதும் வடியும் மஞ்சள் பாலை வெளியேற்ற வேண்டும் என்று கூட அவர் சொல்லவில்லை. அது சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். என் அத்தைதான் பார்த்துவிட்டு, மடலை நிறுத்தி வைத்து வடிய விட்டு, சதையை ஏழு தண்ணீரில் அலசச் சொன்னார். அலசினேன்.

முதல் தடவை விற்க 14 டப்பாவும் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் செய்தேன். ஒன்று 180 ரூபாய். தெருவில் தெரிந்தவர்களே வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா பிளஸ் டூ படிக்கும் தன் மகளுக்கு இரண்டு வாங்கினார்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் வீட்டு டப்பாவைத் திறந்தால் மூடிக்கு உட்புறம் கறுப்புப் புள்ளிகள். வாசமும் மாறியிருந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் அந்தப் பெண்ணின் கன்னம், தாடை எல்லாம் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம். பூசிய பிறகு எரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். "இயற்கைதானே, அழுக்கு வெளியே வருது" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த அதே வாசகம்தான் அது. டப்பா கொடுக்கும்போது நான்தான் அதை அவளிடம் சொல்லியிருந்தேன்.

ஈரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டப்பாவையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். முடிக்காலில் கிருமி புகுந்திருக்கிறது என்றார். மூடியில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பாக்டீரியா உள்ளே பெருகத் தொடங்கிவிடும், அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்றார். விட்டமின் ஈ பற்றிக் கேட்டேன். அது எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போடும் பொருள், கிருமியை ஒன்றும் செய்யாது என்று சொன்னார். தண்ணீர், கற்றாழை, பன்னீர் எது சேர்ந்தாலும் அதற்கென்று உள்ள பாதுகாப்புப் பொருளை, அதாவது பிரிசர்வேட்டிவை, அளந்து சேர்க்க வேண்டும். பினாக்ஸிஎத்தனால் என்றால் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சோடியம் பென்சோவேட் என்றால் கலவை புளிப்புத் தன்மையில் இருந்தால்தான் வேலை செய்யும். இதெல்லாம் கெமிக்கல் என்று பயமுறுத்தி ஒதுக்கச் சொன்ன மேடம், அது இல்லாவிட்டால் பிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டாமா?

அன்று இரவு அத்தையிடம் கேட்டேன், உங்கள் காலத்தில் இதெல்லாம் எப்படி வைத்திருந்தீர்கள் என்று. "நாங்க எங்க கண்ணு டப்பாவுல அடைச்சு வெச்சோம்? நலங்கு மாவு எல்லாம் காஞ்ச பொடி. ஈரம் பட்டா அன்னைக்கே பூசிக் கழுவிப்புடுவோம்" என்றார். எனக்குப் பளிச்சென்றது. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாவற்றையும் மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து அரைத்தார்கள். நீர் இல்லாததால் கிருமி வளரவில்லை. வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் குழைத்தார்கள். அந்தப் பாட்டிமார் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கு ஈரப் பொருளை ஆறு மாதம் வைத்து விற்கச் சொல்லித் தருகிறார்கள். நம் பாட்டிகள் ஒருபோதும் செய்யாத காரியம் அது.

அடுத்தது சோப்பு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா விளையாட்டுப் பொருள் இல்லை.

மேடம் கொடுத்த கணக்கு, 500 மில்லி எண்ணெய்க்கு 90 கிராம் காஸ்டிக். எந்த எண்ணெய் என்று கேட்டதற்கு, "எது வேண்டுமானாலும் போடலாம், அளவு ஒன்றுதான்" என்றார். கிட்டில் அளவுக் குவளை இருந்தது, தராசு இல்லை. நான் தேங்காய் எண்ணெய் பாதி, நல்லெண்ணெய் பாதி போட்டேன். காஸ்டிக்கை மட்டும் மளிகைக் கடையில் கொடுத்து நிறுத்து வாங்கினேன். கட்டி நன்றாகவே வந்தது. ஒரு மாதம் காயவைத்து நானே முதலில் கை கழுவிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் விரலிடுக்கு எல்லாம் சிவந்து, தோல் வழவழவென்று ஆகி எரிய ஆரம்பித்தது. குழுவில் போட்டேன். "இன்னும் பதினைந்து நாள் காயவிடுங்கள், காரம் போய்விடும்" என்று பதில்.

காரம் போகாது. என் சித்தப்பா மகன் கல்லூரியில் வேதியியல் படிக்கிறான். அவனிடம் காட்டினேன். "ஏங்க்கா, காஸ்டிக்கைக் கிராம்ல சொல்லிட்டு எண்ணெயை மில்லியில சொன்னா எப்படிங்க்கா கணக்கு வரும்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து போட்டுக் காட்டினான். 500 மில்லி எண்ணெய் 500 கிராம் இல்லை, ஏறக்குறைய 460 கிராம்தான். ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாறக் கேட்கும் காஸ்டிக்கும் வேறு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய்க்கெல்லாம் 0.135 சுமார்தான். என்னுடைய கலவைக்கு 73 கிராம் போதும். அதிலும் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்க வேண்டும் என்று 5 சதவீதம் குறைத்து 70 கிராம் அளவில்தான் போட வேண்டும். நான் போட்டது 90. மீந்த காஸ்டிக்கோடு சேர எண்ணெயே உள்ளே இல்லை. அப்புறம் எத்தனை நாள் காயவைத்து என்ன? நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பது சோப்பில் இருக்கும் நீர் வற்றி இறுகத்தான். கணக்குத் தப்பினதை வெயில் சரிசெய்யாது. தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டிருந்தால்கூட 500 மில்லிக்கு 84 கிராம்தான் தேவை. அதாவது அவர் சொன்ன அளவு எந்த எண்ணெய்க்குமே சரியில்லை. அந்த 11 கட்டியையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

இதே வகுப்பில் சேர்ந்த இன்னொரு அக்கா அலுமினியச் சட்டியில் காஸ்டிக் கரைத்திருக்கிறார். எந்தப் பாத்திரமும் பரவாயில்லை என்றுதான் எங்களுக்குச் சொன்னது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அது தீப்பிடிக்கக்கூடியது. சட்டி கறுத்துப் பொங்கியிருக்கிறது. நல்லவேளை, பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் பாத்திரம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல், தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது, காஸ்டிக் மேல் ஒருநாளும் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாமல் இருப்பது. வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியவை இவை. வீடியோவில் மேடம் கையுறைகூடப் போடவில்லை.

கிட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. "சுத்தமான ரோஜா எண்ணெய்" என்று 30 மில்லி குப்பி இருந்தது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் இறக்க 3 டன்னுக்கு மேல் இதழ் வேண்டும். 3,200 ரூபாய் கிட்டில் அது எங்கிருந்து வரும்? வெறும் வாசனைத் தைலம்.

எனக்கு அதிகம் வலித்தது அந்த 1,500 ரூபாய்தான். பணம் கட்டிய நான்காம் நாள் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அரசு முத்திரை, என் பெயர், எண் எல்லாம் இருந்தது. லேமினேட் செய்து சுவரில் மாட்டினேன். கோபியில் ஆர்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பொருளை வைக்கக் கேட்கப் போனபோது அதையும் எடுத்துப் போனேன். அவர் பார்த்துவிட்டு, "இது உத்யம் பதிவுங்க, சின்னத் தொழில் நடத்துறவங்க பதிஞ்சுக்கிறது. ஆதாரும் பான் நம்பரும் இருந்தா நீங்களே ஆன்லைன்ல காசில்லாம எடுத்துக்கலாம். இத வெச்சு சோப்பு, கிரீம் விக்க முடியாதுங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார் அந்த மனிதர்.

அழகுப்பொருள் தயாரித்து விற்க 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின்கீழ் லைசென்ஸ் வேண்டும். இப்போது அதற்கு அழகுப்பொருள் விதிகள், 2020 இருக்கின்றன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் விண்ணப்பித்து, அவர்கள் இடத்தை ஆய்வு செய்து, காஸ்-8 என்ற படிவத்தில் கொடுப்பதுதான் தயாரிப்பு லைசென்ஸ். தனி இடம், தகுதியுள்ள ஆளின் மேற்பார்வை எல்லாம் கேட்பார்கள். லேபிளில் லைசென்ஸ் எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். "வீட்டில் செய்வதுதானே, சின்ன அளவுதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு யோசித்தால் உடம்பு சில்லிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் மோசமாக ஏதாவது ஆகியிருந்தால் மாட்டுவது மேடம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் விற்ற நான்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் "நீங்கள் சுத்தமாகச் செய்திருக்க மாட்டீர்கள்" என்றார். டாக்டர் சீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் என்னைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். அதன் பிறகு லைசென்ஸுக்கு என்று வாங்கிய 1,500 மட்டும் வந்தது. வகுப்புக் கட்டணமும் கிட் பணமும் வரவில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். விளம்பரப் படம், பணம் கட்டிய ரசீது, குழுவில் வந்த பதில்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். குழுவில் இருந்து தூக்குவதற்கு முன்பே படம் எடுத்து வைத்ததால் தப்பித்தேன். நீங்களும் எதற்காவது பணம் கட்டினால் முதல் நாளில் இருந்தே எடுத்து வையுங்கள்.

இப்படி ஒரு வகுப்பில் சேரப் போகிறீர்கள் என்றால் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: உங்கள் தயாரிப்பு லைசென்ஸ் எண் என்ன? நீர் சேரும் பொருளுக்கு எந்தப் பாதுகாப்புப் பொருள், எத்தனை சதவீதம்? சோப்புக் கணக்கு எண்ணெய்க்கு எண்ணெய் மாறுமா? இதில் எதற்காவது "எல்லாம் இயற்கைங்க" என்று மட்டும் பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

விற்ற 14 டப்பாவில் 13 திரும்ப வந்துவிட்டது, காசையும் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மருந்துச் செலவு என்னுடையது. மூன்று வாரத்தில் கொப்புளம் அடங்கியது, தாடையில் மட்டும் தழும்பு இருக்கிறது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பதினான்காவது டப்பாவை வாங்கியவர் சத்தியமங்கலத்தில் இருக்கும் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம். போன் போட்டு, அது குப்பைக்குப் போனது என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் தூங்கினேன்.

என்னோடு அந்த வகுப்பில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். உங்களில் யாராவது இதைப் படித்தால், ஜெல், கிரீம், சோப்பு என்று எதை யாருக்குக் கொடுத்திருந்தாலும் இன்றே போன் போட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் போடுங்கள்.