கஸ்டம் ஆர்எக்ஸ் 100 வாங்கினேன், ஏழு வருஷமாக அதைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறேன்

2018 டிசம்பரில் வாங்கியது, 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. விற்பனை விளம்பரப் படத்தில் பார்த்தபோது அது ஆர்எக்ஸ் மாதிரியே இல்லை, அதுதான் என்னை மயக்கியது. பின்பக்க சேஸியை அறுத்துவிட்டு ஒற்றை சீட், குனிந்து பிடிக்கிற ஹேண்டில்பார், நடுவில் வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், டேங்க் முழுக்க மேட் கறுப்பு. ‘கஃபே ரேசர், ஃபுல் கஸ்டம், விண்டேஜ் பீஸ், ஜப்பான் இன்ஜின்’ என்று எழுதியிருந்தார்கள். 82,000 ரூபாய் கொடுத்துக் கோவைக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வார்த்தைகளைப் பற்றி இப்போது கொஞ்சம் சொல்லலாம். விண்டேஜ் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ள, 2021-இல் வந்த விதிப்படி, வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். 1985-இல் வந்த முதல் ஆர்எக்ஸ் 100-க்கே 2035-இல்தான் அந்தத் தகுதி. ஜப்பான் இன்ஜின் கதையும் அப்படித்தான். யமஹாவோடு கூட்டுச் சேர்ந்த எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே இதைத் தொடங்கிய காலத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வரவழைத்துக் கோத்தார்கள், அப்புறம் மெல்ல மெல்ல இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 94-ஆம் வருஷத்து வண்டிக்கு எங்கிருந்து ஜப்பான் இன்ஜின்? விற்கிறவர் வாயில் எல்லா ஆர்எக்ஸும் ஜப்பான்தான்.

ஆனால் இன்ஜினைக் குறை சொல்ல மாட்டேன். 98 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 11 குதிரைத்திறன். இன்றைய 125 வண்டிகளோடு காகிதத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. வண்டியின் எடையோ நூறு கிலோ சுமார்தான், அதனால் இரண்டாவது கியரில் முறுக்கினால் ஒரு இடத்துக்கு மேல் திடீரென்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இழுக்கும். அந்த இழுப்புக்காகத்தான் 1996-இல், புகை விதிகள் இறுகியபோது, நின்றுபோன வண்டிக்கு இன்றைக்கும் இந்த விலை.

2019 மார்ச்சில் வால்பாறை போனேன். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்பி ஆழியார் பக்கம் இறங்குகையில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் முக்கால்வாசி முடிந்து, அணை தெரிகிற ஒன்பதாவது வளைவு தாண்டியதும் பின்சக்கரம் ‘கிரீச்’ என்று பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பினேன். பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது என்று எனக்கே தெரிந்துவிட்டது. வண்டியை மினி லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சியில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் இறக்கினோம். அவர் சைலன்சரைப் பார்த்தார், பக்கத்து மூடியைத் திறந்தார், “ஆயில் பம்ப்பு எங்கீங்க தம்பி?” என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரியும். ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போகிற 2டி ஆயில்தான் பிஸ்டன் உரசாமல் காக்கும். அதற்குத் தனி டேங்க், தனி பம்ப் உண்டு. ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் ஒன்று பம்ப்புக்கும் போகும். இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ, நாம் எவ்வளவு முறுக்குகிறோமோ அதற்குத் தக்கபடி ஆயில் விழும். கஸ்டம் செய்தவர், இடம் அடைக்கிறது என்றோ என்னவோ, அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டச் சொல்லித்தான் எனக்குக் கொடுத்தார்கள், நானும் அது ஏதோ ரேஸ்காரர்கள் பழக்கம் என்று பெருமையாக லிட்டருக்கு நாற்பது மில்லி அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கலந்து ஓட்டுவதில் தப்பில்லை, ஊருக்குள் ஓடும். மலையிறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு கியரிலேயே இறங்கும்போது சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோலோ உள்ளே கொஞ்சம்தான் போகும், அதோடு வர வேண்டிய ஆயிலும் அவ்வளவுதான். இதற்கு மேல் அந்த சைலன்சர் வேறு. அதை மாட்டினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டையும் மாற்ற வேண்டும், மாற்றாமல் விட்டதால் பெட்ரோல் குறைவாகப் போய் இன்ஜின் எப்போதும் கொதித்தபடியே ஓடியிருக்கிறது. பிளக்கின் முனை வெள்ளையாக இருந்ததை நான் ‘சுத்தமா எரியுது’ என்று நினைத்திருந்தேன்!

சிலிண்டரைக் கடைந்து அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டோம். பம்ப், ஆயில் டேங்க், இரட்டைக் கேபிள் மூன்றும் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் ஐந்து மாதம் தேடிச் சேர்த்தவை. அதே வருஷம் ஆர்சி புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. ஒற்றை சீட்டையும் அறுத்த சேஸியையும் பார்த்த இன்ஸ்பெக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்கிறது, அந்த ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லியிருந்தது. ஆக சேஸியின் பின்பாகம், நீள சீட், பழைய சைலன்சர் என்று மொத்தம் 41,000 ரூபாய் செலவு. முன்னவர் அழகு என்று சேர்த்ததற்கு நான் காசு கொடுத்தேன், அதை எடுக்கவும் நானே கொடுத்தேன்.

அதற்கப்புறம் 31,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். வால்பாறைக்கு மட்டும் நான்கு தடவை. ஊருக்குள் 35, வெளியே 42 வரை மைலேஜ். வருஷத்துக்கு ஒருமுறை சைலன்சரின் உள்குழாயை உருவிக் கரியைச் சுரண்டுகிறேன். ஒருமுறை கிராங்க் ஆயில் சீல் (கியர் பாக்ஸ் ஆயில் இன்ஜினுக்குள் வராமல் தடுக்கிற ரப்பர் வளையம்) போய், கியர் பாக்ஸ் ஆயில் உள்ளே இழுத்து, தெருவே தெரியாத அளவுக்குப் புகை, பக்கத்து வீட்டு அக்கா கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்தினார். டிரம் பிரேக் இந்த வேகத்துக்குப் பத்தாது, மழையில் இன்னும் மோசம். ஹெட்லைட்டைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, பம்ப்போடும் சரியான ஆர்சியோடும் நிற்கிற வண்டியைத் தேடுங்கள். பளபளப்பு பின்னால் பார்த்துக்கொள்ளலாம். காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே உதையுங்கள். சூடாக்கி வைத்துவிட்டுக் காட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐடிலில் நிற்கும்போது சத்தம் தானாக ஏறினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. சேஸி எண்ணை விரல் வைத்துத் தடவிப் பாருங்கள், ஆர்சியோடு ஒரு எழுத்து பிசகினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மேட் கறுப்பைச் சுரண்டியபோது அடியில் செர்ரி சிவப்பு இருந்தது, அதையே மறுபடி அடித்துவிட்டேன். ஒரிஜினல் ஸ்பீடோமீட்டர் மட்டும் இன்னும் அமையவில்லை. கடைகளில் இருப்பது டூப்ளிகேட், முள் 40-க்கு மேல் நடனமாடுகிறது. யாரிடமாவது நல்லது இருந்தால் சொல்லுங்கள், கண்ணாடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை.