பழைய நிலைச்சட்டத்தில் செய்த இழைப்புளி: ஒட்டுப் போட்ட கையோடு ஒரு புலம்பல்

பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியின் வாய்க்கு, அதாவது தகடு எட்டிப்பார்க்கும் அடிப்பக்க இடுக்குக்கு, ஒட்டுப் போட்டு முடித்த கையோடு எழுதுகிறேன். எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “பாட்டி வீட்டை இடிச்சாச்சு. நிலைச்சட்டமெல்லாம் சும்மா கிடக்கு. உங்களை மாதிரி நானும் அதுலயே கருவி செஞ்சுக்கலாமா? இல்ல, கடையில ஜாக் பிளேன்னு இரும்பு இழைப்புளி விக்குதே. அதையே வாங்கிடட்டுமா?”

எப்படிச் செய்வது என்று இங்கே சொல்லப்போவதில்லை. கட்டையை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, நடுத்துண்டில் 45 டிகிரிச் சரிவு வெட்டி, பக்கத்துண்டுகளான இரண்டு கன்னங்களையும் திரும்ப ஒட்டி, குறுக்கே ஒரு குச்சி கொடுத்து, அதன் அடியில் ஆப்பு அடித்து, சீவும் தகட்டை இறுக்குகிற முறை. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிரெனோவ் என்ற மரவேலைக் கலைஞர் பரப்பியது. நம்மூர் ஆசாரிமார் செய்ததுபோல முழுக் கட்டையில் உளியால் வாய் தோண்டும் பொறுமையும் கையும் எனக்கு இல்லை. என்னுடையது 5-க்கு 3 அங்குல வேங்கை நிலைச்சட்டத்தில் வெட்டியது. தகடு 1¾ அங்குல அகலம், காயலான் கடையில் எடைபோட்டு வாங்கியது. பழைய தகடு என்பதால் நல்ல கனம். கட்டைக்குள் ஒளிந்திருந்த ஆணிகளைப் பிடுங்குவதற்குத்தான் மற்ற எல்லா வேலையையும்விட அதிக நேரம் போனது. ஆணி இருக்கும் பழைய மரம் என்றாலே மில்லில் அறுத்துத் தர யோசிப்பார்கள், கைவாள்தான் கதி.

இதோடு செய்த மற்றவற்றை இரண்டு வரியில் முடித்துவிடலாம். உளியைத் தட்டும் மரச்சுத்தியான கொட்டாப்புளி புளியங்கட்டை. கறிக்கடைக் கட்டைக்குப் புளியமரத்தை ஏன் தேடுகிறார்கள் என்பது அதை வைத்து உளியைத் தட்டும்போது தெரிகிறது. பலகை ஓரத்துக்கு இணையாகக் கோடு கீற, தேக்கு ரீப்பர் துண்டில் செய்த மார்க்கிங் கேஜ், அதற்கு ஒரு கூராக்கிய ஆணி. இரண்டின்மேலும் ஒரு புகாரும் இல்லை. அவை மயிரிழை மட்டத்துக்கு நிற்கவேண்டிய சாமான்கள் அல்ல. இழைப்புளி அப்படியில்லை.

எரிச்சல் எங்கே என்றால், அடிப்பரப்பில். பழைய மரக்கடையில் யாரைக் கேட்டாலும் ஒரே வசனம்தான்: “நூறு வருஷ மரம் சார், இனிமே அசையவே அசையாது.” இதைவிடப் பெரிய பொய் மரத்தொழிலில் இல்லை. பழைய மரம் பச்சை மரம் மாதிரி முறுக்கிக்கொள்ளாது, வெடிக்காது, அதுவரை உண்மை. ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் அதுவும் உப்பும், இறங்கினால் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாக நிலைத்தால் மரத்துக்குள் ஈரம் 7, 8 விழுக்காட்டில் நிற்கும். காற்று 80 ஆனால் மரம் 16-ஐ நோக்கி ஏறும். திருச்சியில் சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் நடுவே இந்தத் தூரம் முழுக்க இருக்கிறது. தடித்த கட்டை அவ்வளவையும் குடித்துவிடாது என்றாலும், இழைப்புளியைக் கெடுக்க அவ்வளவு தேவையும் இல்லை.

நாரின் நீளவாக்கில் ஈரம் மளமளவென்று ஏறும், குறுக்கே ஏற நாளாகும். தகடு படுக்கிற சரிவும் அதன் எதிர்ச்சுவரும் நாரைக் குறுக்கே அறுத்த முகங்கள். ஆக, ஈரம் முதலில் நுழைவது வாயைச் சுற்றித்தான். மழை பிடித்தால் அந்த இடம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். இழைப்புளி முன்னும் பின்னும் ஆடும், பலகையின் முனைகள் இறங்கிவிடும். சரி என்று மணல்தாளைத் தடித்த கண்ணாடியில் ஒட்டி, தகட்டை உள்ளே இழுத்து, ஆப்பை வழக்கம்போல் இறுக்கிவைத்து, அடியைத் தேய்த்து மட்டமாக்கினால் மழைக்காலம் முழுக்க அருமையாக ஓடும். (ஆப்பில்லாமல் தேய்த்துப் பயனில்லை. இறுக்கம் கொடுத்ததும் அடி மறுபடி மாறும்.) பங்குனி வரட்டும். உப்பியதைத்தான் தேய்த்தாயிற்றே, இப்போது அதே இடம் சுருங்கிக் குழியாகிவிடும். முன்முனையும் பின்முனையும் மட்டும் பலகையைத் தொடும், தகடு தொடாமல் போகும். மறுபடி கண்ணாடி, மறுபடி மணல்தாள்.

தேய்ப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. அதன் விலைதான் வயிற்றெரிச்சல். தகடு 45 டிகிரியில் பின்னே சாய்ந்திருக்கிறது, என் எதிர்ச்சுவர் 60 டிகிரியில் முன்னே சாய்ந்திருக்கிறது. அடி தேயத் தேய இரண்டும் விலகும். ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் வாய் ஒன்றரை மில்லிமீட்டருக்குமேல் அகலும். வாய் ஒடுக்கமாக இருந்தால்தான் தகட்டுக்கு முன்னால் நாரை அழுத்திப் பிடிக்கும். அகன்றதும் வேம்பு, வாகை மாதிரி எதிரும் புதிருமாக நார் ஓடுகிற மரத்தில் நார் பெயர்ந்துகொண்டு வரும். நல்ல வழவழப்புக்கென்று செய்த கருவி, வருடா வருடம் என் கையாலேயே முரட்டுக் கருவியாகிக்கொண்டிருந்தது.

அதனால்தான் இந்த ஒட்டு. வாய்க்கு முன்னால் அடியில் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கருவேலத் துண்டு ஒன்றைப் பதித்தேன். நார் ஓட்டம் கட்டையோடு ஒரே திசையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அதுவே பிளந்துகொள்ளும். பசை காய்ந்ததும் வாயை அடைத்து நின்ற மரத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, சீவல் வெளியேறும் அளவுக்கு மட்டும் திறந்தேன். உள்முகங்களுக்கு அரக்கு பாலிஷும் கொடுத்தாயிற்று. அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

வேங்கை என்பதால் இன்னொரு உபரி இம்சை. ஈரம் பட்டால் இந்த மரம் மஞ்சள் சாயம் விடும். கோடையில் வியர்த்த கையோடு பிடித்து இழைத்துவிட்டு, அதே கையை வெளிர்ந்த பைன் பலகையில் வைத்தால் விரல் அச்சு அப்படியே பதியும். சர்க்கரைக்கு நல்லது என்று வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பவர்களுக்கு இந்தச் சாயம் பழக்கம். பலகைக்குச் சர்க்கரை இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 14 அங்குல இரும்பு பிளேன் ஒன்றும் என்னிடம் இருக்கிறது, 2 கிலோவுக்கு மேல். அடி மாறாது, திருகைத் திருப்பினால் தகடு இறங்கும், ஏறும். ஆனால் ஒரு நாள் துடைக்காமல் வைத்தால் வியர்வை பட்ட இடமெல்லாம் துரு. சிமெண்டுத் தரையில் நழுவினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் என்ற பயம் வேறு. வேங்கை பலமுறை விழுந்திருக்கிறது, மூலை நசுங்கியதோடு சரி. அடியில் மெழுகுவத்தியை ஒரு கோடு இழுத்துவிட்டால் மரத்தின்மேல் மரம் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுகத்தை இரும்பு ஒருநாளும் தந்ததில்லை. முக்கால் மணி நேரம் இழைத்தபின் தோள்பட்டை சொல்லும் எது எது என்று.

நான் எதிர்பார்க்காதது ஒன்று, சத்தம். திருகு கிடையாது. தகட்டின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்முனையில் தட்டினால் ஏறும். தட்டித் தட்டி, காதே அளவுகோலாகிவிட்டது. ஆப்பு இறுகியிருந்தால் ‘ணங்’ என்று எழும், தளர்ந்திருந்தால் ‘டொக்’ என்று செத்து விழும். இப்போது கண்ணால் பார்க்காமலே, நாளிதழ்த் தாளைவிட மெல்லிய சீவலுக்குத் தகட்டை நிறுத்த முடிகிறது. ஒட்டுப் போட்டபின் நேற்று வேப்பம்பலகையில் எதிர்நாரில் இழைத்துப் பார்த்தேன். ஒரு நார் பெயரவில்லை. இரும்பால் அந்தப் பலகையில் அப்படிச் சீவ எனக்கு வந்ததே இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பேசாமல் இரும்பையே வாங்கிவிடுங்கள். கொட்டாப்புளி செய்யுங்கள், கேஜ் செய்யுங்கள், இழைப்புளிப் பக்கமே போகாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை கண்ணாடியில் தேய்க்க உங்களுக்கு நேரமும் இருக்காது, இந்த எரிச்சல் எனக்கே போதும். பாட்டி வீட்டு நிலையில் வேங்கை எதுவும் இருந்தால் மட்டும் விறகுக்குப் போடாமல் எடுத்துவையுங்கள். ஒன்றரை அடி நீளத்தில் நேர் நார் உள்ள துண்டாகப் பார்த்து. வேம்புக்கென்றே, தகடு 50 டிகிரியில் நிற்கிற இன்னொரு இழைப்புளி போடலாம் என்றிருக்கிறேன், இந்தத் தடவை வாய்க்கு முதலிலேயே கருவேலம் பதித்து.