பிராட்சர்ச் பாத்து முடிச்சாச்சு

கிளிநொச்சியில மழை விடாம பெஞ்ச கிழமை அம்மாவோட இருந்து பிராட்சர்ச் எண்ட கொலைத் துப்பறியும் டிவி தொடரின்ட முதல் சீசன் 8 எபிசோட்டையும் பாத்து முடிச்சன். 2013ல பிரிட்டன்ட ஐடிவி சனலில வந்தது, பொலிஸா டேவிட் டெனன்ட்டும் ஒலிவியா கோல்மனும். 11 வயசுப் பெடியன் ஒருத்தன் கடற்கரையில செத்துக் கிடக்கிறான், அதில இருந்துதான் கதை.

ஆர் செய்தது எண்டு தேடுறதை விட அந்தச் சின்ன ஊர் உடைஞ்சு போறதைக் காட்டினதுதான் எனக்குப் பிடிச்சது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊர், பேப்பர்க் கடைக்காரர்ல இருந்து சேர்ச் பாதர் வரைக்கும் ஒவ்வொருத்தர்லயா சந்தேகம் விழுது, முல்லைத்தீவுக் கரையில எங்கட பெரியம்மா இருக்கிற இடமும் இப்பிடித்தான் ஒரு வீட்டில அழுதா பத்து வீட்டுக்குக் கேக்கும். தாய் ஓடி வந்து பிள்ளையின்ட சப்பாத்தைக் கண்டு கத்துற இடத்தில அம்மா கொஞ்சம் நிப்பாட்டு பிள்ளை எண்டிட்டா. பிள்ளையைப் பறிகுடுத்த வீடு எப்பிடி இருக்கும் எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, அதை அவசரப்படாமக் காட்டியிருக்கினம்.

இங்கிலாந்தின்ட டோர்செட் கரையில எடுத்தது, அந்த மஞ்சள் பாறைச் சுவர் கண்ணுக்குள்ளயே நிக்குது. டெனன்ட்ட ஸ்கொட்லாந்துப் பேச்சு முதல்ல விளங்கேல்ல, சப்டைட்டில் போட்டுத்தான் பாத்தம்.

ரெண்டாவது சீசன் கோர்ட் வழக்கா இழுபடுது, முதலாவது அளவுக்கு இல்லை. மிட்சமர் மேர்டர்ஸ் எண்ட மற்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடர் மாதிரி ஒரு இரவில ஒரு கொலை முடியவேணும் எண்டு நினைக்கிறாக்களுக்கு இது சரிவராது, பொறுமையா இருந்து பாக்கிறாக்கள் கட்டாயம் பாருங்கோ, முடிவை மட்டும் ஆரிட்டயும் கேட்டிடாதேங்கோ.