ஆங்கிலப் பெயர்களைச் சரியாகச் சொல்ல: லாங்மன் உச்சரிப்பு அகராதி பெங்களூர் வேலைக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்க போனில் பேசும் தமிழர்கள் பெங்களூரில் ஏராளம். இன்ஷூரன்ஸ், வங்கி, ஹோட்டல் புக்கிங் என்று எந்த வேலையானாலும் நாக்கு முதலில் தடுமாறுவது வாடிக்கையாளரின் பெயரிலும் ஊரிலும்தான். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படித்தால் வெளியே வருவது வேறொரு பெயர். இதற்காக ஒரே ஒரு புத்தகம் வாங்குவதென்றால், ஜே.சி. வெல்ஸ் தொகுத்த லாங்மன் உச்சரிப்பு அகராதியை வாங்கலாம். முதல் பதிப்பு 1990இல் வந்தது. தேடிப் பிடிக்க வேண்டியது 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு.

குடும்பப் பெயராகவும் ஊர்ப் பெயராகவும் வரும் பெர்க்கெலியை எடுத்துக்கொள்வோம். எழுத்துப்படி நாம் இப்படித்தான் படிப்போம். அகராதியில் பிரிட்டிஷ் உச்சரிப்பு முதலில் இருக்கும், அடுத்து இரட்டைச் செங்குத்துக் கோடு, அதற்குப் பிறகு அமெரிக்க உச்சரிப்பு. பிரிட்டனில் இது 'பாக்லி', இரண்டே அசை, ரகரம் கிடையாது. அமெரிக்காவில் 'பர்க்லி', ரகரம் நன்றாகக் கேட்கும். கலிஃபோர்னியாவின் பல்கலைக்கழக நகரத்துக்குப் பெயர் தந்த தத்துவ அறிஞர் ஜார்ஜ் பெர்க்கெலி (1685–1753) 'பாக்லி'தான். பெயர் கடல் தாண்டியபோது ஒலி மாறிவிட்டது. லண்டனின் பெர்க்கெலி சதுக்கம், குளோஸ்டர்ஷயரில் 1327இல் இரண்டாம் எட்வர்டைச் சிறைவைத்த பெர்க்கெலி கோட்டை, இரண்டுக்கும் 'பாக்லி'யே.

'எர்' என்று எழுதி 'ஆ' என்று சொல்லும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆபீஸ் குமாஸ்தாவை நாம் 'கிளார்க்' என்பது பிரிட்டிஷ்காரர்களிடம் கற்ற அதே ஒலிதான். அமெரிக்கர் 'கிளர்க்' என்பார். டெர்பி, பெர்க்‌ஷயர், ஹெர்ட்ஃபோர்ட் எல்லாம் இங்கிலாந்தில் இதே வரிசை. இதைப் பிடித்துக்கொண்டால் பல பெயர்களுக்கு அகராதியைப் புரட்டவே வேண்டாம்.

நமக்கு அகராதி அதிகம் உதவுவது அழுத்தக்குறியில். அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும், அசைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்லிப் பழகியதால், நாம் கடைசி அசையையும் முழுசாக இழுத்துவிடுகிறோம். 'ஹாம்' என்று முடியும் பெயர்களில்தான் இது பளிச்சென்று தெரியும். பர்மிங்ஹாமின் கடைசி அசை இங்கிலாந்தில் வெறும் 'அம்', ஹகரமே இல்லை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் மட்டும் 'ஹாம்' முழுசாக வரும். நடுவில் உள்ள மெல்லொலியிலும் தடுக்கும். நாம் 'ங்க' என்று ககரத்தைச் சேர்த்துவிடுகிறோம். 'இங்ஙனம்' என்று கடிதத்தை முடிக்கும்போது வருகிற ஒலிதான் வேண்டும், அதுவும் ஒற்றையாக. பத்து முறை 'இங்ஙனம்' சொல்லிவிட்டு பர்மிங்ஹாமுக்குப் போங்கள், ககரம் தானாக உதிர்ந்துவிடும்.

சாய்வெழுத்தில் அச்சான ஒலியை விட்டுவிடலாம், மேலே தூக்கிச் சிறிதாக அச்சான ஒலியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆச்சரியக்குறியோடு முக்கோணம் இருந்தால், அந்த உச்சரிப்பு புழக்கத்தில் இருந்தாலும் பிழையென்று கருதப்படுவது. இவற்றைத் தெரிந்துகொள்ள முன்பக்கக் குறிப்புகளை ஒருமுறை பொறுமையாகப் படித்தாக வேண்டும். அதைத் தாண்டிக்கொண்டு நேரே பெயரைத் தேடுகிறவர்கள்தான் புத்தகம் கடினம் என்று மூடிவைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, பெயருக்குப் பொருள் இதில் கிடையாது. பெர்க்கெலி என்றால் பழைய ஆங்கிலத்தில் பிர்ச் மரக்காட்டு வெட்டவெளி. 'லி' என்று முடியும் ஆஷ்லி, பிராட்லி எல்லாம் அந்த வெட்டவெளிக் குடும்பமே. அதற்குத் தனியாக ஊர்ப்பெயர் அகராதி வேண்டும். இன்னொரு குறை, ஒரே எழுத்தில் இரண்டு உச்சரிப்பு இருக்கும்போது, எதிரே பேசுகிறவர் எந்தப் பக்கம் என்று எந்த அகராதியாலும் சொல்ல முடியாது. நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் வசிப்பவர்கள் பெரும்பாலும் எழுத்துப்படியே 'சவுத்-வெல்' என்கிறார்கள். குடும்பப் பெயராகவும், வெளியூர்க்காரர் வாயிலும் அது 'சதல்' ஆகிறது. இந்த மாதிரி இடத்தில் 'உங்கள் பெயரை எப்படிச் சொல்வது?' என்று முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுவது மரியாதை. ஊரைப் பொறுத்தவரை அஞ்சல் குறியீட்டை வாங்கிச் சரிபார்க்கலாம். ஜிஎல்13 என்றால் குளோஸ்டர்ஷயரின் பெர்க்கெலி, என்ஜி25 என்றால் சவுத்வெல்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அகராதியைப் படித்துவிட்டு ஆட்டோக்காரரைத் திருத்தாதீர்கள். கன்னிங்ஹாம் ரோட்டை இங்கே 'கன்னிங்காம்' என்றுதான் சொல்கிறார்கள், இங்கே அதுதான் சரி. ஒயிட்ஃபீல்டும் அப்படியே. 1882இல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்புக்குக் கொடுத்த நிலம் அது. பெயர் வந்தது அவர்களின் சங்கத்தை நடத்திய டி.எஸ். ஒயிட்டிடமிருந்து, வெள்ளை வயலிலிருந்து அல்ல. அதே எழுத்தில் வரும் போதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டின் (1714–1770) பெயரோ 'விட்ஃபீல்டு'. 'ஒயிட்' இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது நெடில் குறுகுவது ஆங்கிலப் பெயர்களில் சாதாரணம், விட்சர்ச் என்ற ஊரும் அப்படி வந்ததுதான். தேவாலயத்தில் அவரைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் கவனிக்கலாம்.

சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறவர்கள் அட்டையில் பதிப்பு எண்ணைப் பாருங்கள், பிறகு உள்ளே சிடி-ராம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலிப்பதிவு முழுக்க அதில்தான். இன்றைய லேப்டாப்பில் சிடி போடும் வசதியே இருக்காது என்பதால் வெளியே இணைக்கும் டிரைவ் ஒன்று வேண்டும், மென்பொருளும் அந்தக் காலத்து விண்டோஸுக்குச் செய்தது. சிடி இல்லாத பிரதியைக் குறைந்த விலைக்குக் கேளுங்கள். குறிகளைப் படிக்கப் பழகியவருக்கு அச்சுப் புத்தகமே போதும்.