டோட்ரியா, டக்கியா?

மலிவான பகட்டைப் பழிக்க, ஆங்கிலத்தில் எழுதும் யாழ்ப்பாணத்தவர் முன் ‘டோட்ரி’ (tawdry), ‘டக்கி’ (tacky) என இரு பெயரடைகள் நிற்கின்றன; பொருள் நெருங்கினாலும் பிறப்பு வேறு.

டோட்ரியின் வேர் இங்கிலாந்தின் ஈலி நகரில் உள்ளது. அங்கு மடத்தை நிறுவி 679 இல் மறைந்த புனித எதெல்றீடா, தம் கழுத்தில் தோன்றிய கட்டியை, இளமையில் அணிந்த கழுத்தணிகளுக்கான தண்டனையாகக் கருதினார் என்று பீட் என்னும் துறவி எழுதிவைத்துள்ளார். ஓட்ரி என்றும் அழைக்கப்பட்ட அவருடைய திருநாட் சந்தையில் விற்ற பட்டுக் கழுத்துநாடா ‘செயின்ட் ஓட்ரி’ நாடா எனப்பட்டு, முற்சொல்லின் ஈற்று மெய் ஒட்டிக்கொள்ள ‘டோட்ரி’ ஆயிற்று. நகையைத் துறந்தவரின் பெயரே 17 ஆம் நூற்றாண்டில் போலிப் பளபளப்பைக் குறிக்கலானது விந்தைதான்.

டக்கியோ, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தரங்குறைந்த சிறு குதிரைக்கும், பின்னர் அங்குள்ள ஏழை வெள்ளையருக்கும் வழங்கிய பெயரிலிருந்து 19 ஆம் நூற்றாண்டில் வந்தது. பிசுபிசுப்பைக் குறிக்கும் டக்கி வேறு சொல்.

நல்லூர்த் திருவிழாக் கடைகளில் மின்னும் முலாம் மாலையை டோட்ரி எனலாம். திருமண மண்டப வாயிலின் பிளாஸ்டிக் பூவளைவுக்கு டக்கி பொருந்தும். டோட்ரியில் ஒழுக்கக் கேட்டின் சாயலும் உண்டென்பதால், ஒருவருடைய உடையைப் பற்றி எழுதுகையில் நான் டக்கியையே தேர்வேன், அதன் பிறப்பில் ஏழைகள் மீதான ஏளனம் ஒளிந்திருந்தபோதிலும்.