ஃபேக்டோரியோவில் 120 மெகாவாட்: நிலக்கரியா, யுரேனியமா, சோலாரா?

காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும், குடியாத்தத்தில் இருக்கும் அக்கா மகனோடு சேர்ந்து ஃபேக்டோரியோ (வேற்றுக் கோளில் தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டு) விளையாடுவது இரண்டு வருஷப் பழக்கம். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். போன மாதம் எங்கள் தொழிற்சாலையின் மின் தேவை 120 மெகாவாட்டைத் தொட்டது. இனி எதை நம்புவது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அவன் யுரேனியம் என்றான், நான் சோலார் என்றேன். கடைசியில் சோலார்தான் கட்டினோம்.

நிலக்கரியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் அதுதான். 20 பாய்லருக்கு 40 ஸ்டீம் இன்ஜின் வைத்தால் 36 மெகாவாட். 120 வேண்டுமென்றால் 67 பாய்லர், நொடிக்கு 30 நிலக்கரி, அதாவது பொருட்களை நகர்த்தும் மஞ்சள் கன்வேயர் பெல்ட் இரண்டு நிறைய. அந்த 67 பாய்லரும் நிமிஷத்துக்கு 2,000 அளவு மாசைக் கக்கும். அது பைட்டர் என்கிற பூச்சி அரக்கர்களின் கூடுகளை எட்டினால், அவை நம்மைத் தாக்கக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வரும். தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன பாடு படுத்தியது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்கள் வேலூர் வழக்கில்தான். இந்த விளையாட்டில் அந்த ஈட்டைக் கேட்டு பைட்டர்களே வாசலுக்கு வந்துவிடுகின்றன.

யுரேனியத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு ரியாக்டர் 40 மெகாவாட். பக்கத்தில் இன்னொன்றை ஒட்டி வைத்தால் இரண்டும் இரட்டிப்பாகி 160 கிடைக்கும். நாலைச் சதுரமாக வைத்தால் 480. ஓர் எரிபொருள் செல் 200 நொடி எரியும். ஆக இரண்டு ரியாக்டருக்கு மணிக்கு 36 செல் போதும். பத்து செல் செய்ய யுரேனியம்-235 ஒன்றே ஒன்றும், 238 பத்தொன்பதும் ஆகும். 235 கிடைக்கும் வாய்ப்பு 0.7 சதவீதம்தான் என்றாலும், 238-ஐ 235 ஆக மாற்றும் கோவரெக்ஸ் முறை ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது. தேவை இல்லாதபோதும் ரியாக்டர் எரிந்துகொண்டே இருக்கும் என்பது பழைய குறை. விளையாட்டின் 2.0 பதிப்பில் ரியாக்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, வெப்பம் 600 டிகிரிக்குக் கீழே வந்தால் மட்டும் செல் போடச் சொல்லலாம். இடமும் கொஞ்சம்தான் அடைக்கும்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்றேன்? முந்தைய சேவில் (இதற்கு முன் சேமித்து விளையாடிய ஆட்டத்தில்) நடந்ததைச் சொல்கிறேன்.

அதில் யுரேனியத்துக்கு மாறியதும் பழைய பாய்லர்களை எல்லாம் பிடுங்கிவிட்டிருந்தோம். ஒருநாள் ரயில் பாதை போடும்போது, குறுக்கே இருந்த தண்ணீர்க் குழாயில் ஒரே ஒரு துண்டை எடுத்துவிட்டேன். அது ஹெவி ஆயிலை உடைக்கும் கெமிக்கல் பிளாண்டுக்குப் போன தண்ணீர். ஹெவி ஆயில் டேங்க் நிரம்பியது. அது நிரம்பினால் ரிஃபைனரி நின்றுவிடும். ரிஃபைனரி நின்றதால் பெட்ரோலியம் கேஸ் இல்லை, கேஸ் இல்லாததால் கந்தகம் இல்லை, கந்தகம் இல்லாததால் கந்தக அமிலம் இல்லை. அமிலம் இல்லாமல் யுரேனியத் தாதுவைத் தோண்ட முடியாது. ஆனால் பெட்டியில் செல் சேர்ந்திருந்ததால் எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. நாங்கள் விளையாடும் வேகத்தில் இரண்டு வாரம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மே மாதம், ஒரு ராத்திரி. பொருட்களை எடுத்து வைக்கும் இன்செர்ட்டர்களின் கை மெதுவாக, இன்னும் மெதுவாக அசைந்து, பாதியில் அப்படியே நின்றது. ஹெட்போனில் பையன் கத்தினான்: "மாமா, லேசர் எதுவும் சுடல மாமா!" காவலுக்கு இருந்த லேசர் துப்பாக்கிகள் ஓய்ந்ததும் பைட்டர்களிடம் வடக்குச் சுவர் போயிற்று. அதைவிடக் கொடுமை, திரும்ப எழுப்புவது. ரிஃபைனரிக்கும் கரண்ட் வேண்டும், யுரேனியத்தைப் பதப்படுத்தும் சென்ட்ரிஃப்யூஜுக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் வர செல் வேண்டும். கையாலேயே இருபது பாய்லர் செய்து, கையாலேயே நிலக்கரி போட்டுத் தொடங்கினோம். அந்தக் குழாய்த் துண்டைக் கண்டுபிடிக்க அடுத்த நாளும் ஆயிற்று.

கருகிய மோட்டாரைக் கடையில் பிரிக்கும்போது நான் முதலில் கேட்பது, மூன்று ஃபேஸும் வந்ததா என்பதைத்தான். பல தடவை மோட்டார்மேல் குற்றம் இருக்காது. எங்கோ ஒரு ஃபியூஸ் போயிருக்கும், அது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். யுரேனியத்தில் எனக்குள்ள பயமும் அதுதான். பழுது விழும் இடத்துக்கும் இருட்டு வரும் இடத்துக்கும் நடுவில் ஏழெட்டு இணைப்பு. தினமும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. வாரத்துக்கு நாலு மணி நேரம் விளையாடுகிற எங்களுக்கு அதுவே எல்லாம்.

சோலாரில் அந்தத் தூரமே கிடையாது. பேனலுக்குள் எதுவும் போக வேண்டாம். மாசு பூஜ்யம். உச்சி வெயிலில் ஒரு பேனல் 60 கிலோவாட், இரவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சராசரி 42. 25 பேனலுக்கு, இரவுக்காக மின்சாரத்தைச் சேமிக்கும் அக்குமுலேட்டர் 21 என்பது கணக்கு. எங்கள் 120 மெகாவாட்டுக்கு 2,857 பேனலும் 2,400 அக்குமுலேட்டரும் ஆயின. ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய ஒன்பது ஏக்கர். செம்பும் ஸ்டீலும் தண்ணியாகச் செலவாகும். இடத்துக்காகப் பைட்டர் கூடுகளை அழிக்க வேண்டியிருந்தது. அது லேசான வேலை இல்லை. ஆனால் ப்ளூபிரிண்ட் ஒன்றைப் போட்டுவிட்டால் ரோபோக்கள் பார்த்துக்கொள்ளும், நாம் வேறு வேலை பார்க்கலாம். எல்லாப் பேனலையும் விளையாட்டு மொத்தமாகக் கணக்கிடுவதால் என் பழைய லேப்டாப்பும் திணறவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மின் இணைப்பில் சோலாருக்கு முதலிடம், அடுத்து ஸ்டீம், கடைசியில்தான் அக்குமுலேட்டர். பழைய பாய்லரை அப்படியே இணைத்து வைத்தால், அக்குமுலேட்டர் நிறைய இருக்கும்போதே இருட்டியதும் நிலக்கரி எரிய ஆரம்பிக்கும். நடுவில் பவர் ஸ்விட்ச் போட்டு, அக்குமுலேட்டர் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் சேரும்படி செய்திருக்கிறோம். இந்தத் தடவை அந்த இருபது பாய்லரைப் பிடுங்கவில்லை.

ஸ்பேஸ் ஏஜ் என்கிற கூடுதல் தொகுப்பில் வல்கனஸ் கோள் வரைதான் போயிருக்கிறேன். அங்கே வெயில் நாலு மடங்கு என்பதால் சோலார் இன்னும் சுலபம். அதைத் தாண்டியுள்ள கோள்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பையன் தனியாக வைத்திருக்கும் சேவில் நாலு ரியாக்டர் கட்டியிருக்கிறான், நன்றாகவே ஓடுகிறது. அவன் தினமும் போய்ப் பார்க்கிறான். எங்கள் சேவில் அடுத்த 60 மெகாவாட்டுக்குக் கிழக்கே ஒரு காடு குறுக்கே நிற்கிறது. மரங்கள் மாசை உறிஞ்சுவதால் வெட்ட மனசில்லை. ஏரியைத் தூர்த்து இடம் பிடிக்கலாமா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகிறோம்.