காட்பாடி பாய் ஜெராக்ஸ் கடை: ஐந்துக்கு நான்கு

ஜெராக்ஸ் கடைக்கெல்லாமா விமர்சனம் எழுதுவாய் என்று என் தம்பி சிரித்தான். பிரியாணிக்கு எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, ஆம்பூரும் பக்கத்தில்தான். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் போடுகிறவர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று மட்டும் யாரும் எழுதக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

கடை காட்பாடியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பெயரைப் போட வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். "கூட்டம் வந்தா மெஷின் தாங்காது மேடம், இருக்கிறவங்களுக்குப் போட்டுக் குடுத்தாப் போதும்." போட்டாலும் பயனில்லை, பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கலர் பிரிண்டர், ஒரு ஸ்கேனர், ஸ்பைரல் போடும் கைமெஷின், உட்கார இரண்டு ஸ்டூல். அவ்வளவுதான் கடை.

நான் வேலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். வயது 38. வயதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இளம் ஆய்வாளர்களுக்கான அரசு நிதி என்றால் முதல் கேள்வியே அதுதான். அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், அதாவது நாங்கள் எல்லாரும் செர்ப் என்று சொல்வது, முன்பு கொடுத்துவந்த இளம் ஆய்வாளர் விருதுக்குப் பொதுவான வரம்பு 37. 2019-இல் அதன் இடத்துக்கு ஸ்டார்ட்-அப் ரிசர்ச் கிராண்ட் வந்தது. நிரந்தரப் பணியில் சேர்ந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, 2 ஆண்டுக்கு 30 லட்சம் கிடைத்தது. அப்புறம் 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்து, செர்ப் அதற்குள் கரைந்துவிட்டது. அவர்கள் 2024-இல் அறிவித்த பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் நிதி 3 ஆண்டுக்கு 60 லட்சம் வரை, வயது 42, பெண்களுக்கும் சில பிரிவினருக்கும் அதற்கு மேலும் சலுகை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் பேகல்டி என்று ஒன்று இருக்கிறது, மாதம் 1,25,000 ரூபாய், 5 ஆண்டு, ஆனால் பொதுவான வயது வரம்பு 27-லிருந்து 32 வரைதான். முனைவர் பட்டம், கல்யாணம், குழந்தை, ஒப்பந்த வேலை எல்லாம் தாண்டி நிரந்தர வேலைக்கு நான் வந்து நின்றபோது அந்த வண்டி காட்பாடியை விட்டு ஜோலார்பேட்டையே போய்விட்டிருந்தது.

நான் விண்ணப்பித்த திட்டம் எது என்று சொல்லப்போவதில்லை. முதல் தடவை விண்ணப்பத்தை நானே தயார் செய்தேன். கல்லூரி முதல்வர் லெட்டர்ஹெட்டில் ஓர் ஆதரவுச் சான்றிதழ் தரவேண்டும்: இவர் எங்கள் நிரந்தர ஆசிரியர், வேலை செய்ய இடமும் வசதியும் தருவோம், நடுவில் இவர் போய்விட்டால் பொறுப்பை ஏற்போம் என்று. எங்கள் முதல்வர் அந்த வாரம் ஊரில் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர், "யாரு போட்டா இன்னா மேடம், எல்லாம் ஒரே காலேஜ்தானே" என்று துணை முதல்வரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். நானும் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. ஆவணம் சரியில்லை, பரிசீலனைக்கு ஏற்கவில்லை. தண்ணீரில் கலக்கும் குரோமியம் என்ற உலோகத்தைப் பற்றி நான் எழுதிய 14 பக்கத்தை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நிதி கொடுக்கிற முறையில் இரண்டு வாசல் இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. முதல் வாசலில் நிற்பது விஞ்ஞானி இல்லை. வயது, பதவி, கையெழுத்து, சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிடுகிற இடம் அது. அதைத் தாண்டினால்தான் துறை தெரிந்த ரிவ்யூவர்களிடம் போகும், அவர்கள் குறிப்போடு பாட வல்லுநர் குழுவிடம் போகும், சில திட்டங்களில் நேரிலோ திரையிலோ கூப்பிட்டுக் கேள்வியும் கேட்பார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள 1,500 ரூபாய் கட்டி ஒரு பயிலரங்குக்கும் போனேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். நூற்றுச் சொச்சம் ஸ்லைடு போட்டார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது, சான்றிதழில் என் இனிஷியல் தப்பு.

பாய் கடைக்கு என்னை அனுப்பியது எங்கள் துறை லேப் அட்டெண்டர். "அவர் நோட்டு வெச்சிருக்காரு மேடம், போய்ப் பாருங்க" என்றார். என்ன நோட்டு என்று புரியாமல்தான் போனேன்.

சிவப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு. இருபது வருடமாக இந்த ஊர் மாணவர்களும் வாத்தியார்களும் தீசிஸும் திட்டவரைவும் அவரிடம் கொண்டுவருகிறார்கள். எதாவது திரும்பி வந்தால், ஏன் திரும்பியது என்று கேட்டு ஒரு வரி எழுதி வைப்பார். யார் என்று எழுதுவதில்லை, காரணம் மட்டும். "சீல் படிக்க முடியல." "லெட்டர்ஹெட்ல தேதி இல்ல." "சாதி சர்ட்டிபிகேட் பின்பக்கம் ஸ்கேன் பண்ணல." "கொட்டேஷன் ஆறு மாசம் பழசு." பக்கம் பக்கமாக இப்படித்தான். பயிலரங்கின் எல்லா ஸ்லைடையும் விட எனக்கு உபயோகமாக இருந்தது இந்த நோட்டுதான். பாய் பத்தாவதோடு பள்ளியை விட்டவர்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். காகிதத்தை வாங்கியவுடன் மெஷினில் வைக்க மாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கையெழுத்து யாருடையது, கீழே பதவி இருக்கிறதா, பட்டம் புரொவிஷனலா கான்வகேஷனா என்று கேள்வி வரும். தனியார் கல்லூரி என்றால் தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்கிற நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் எடுத்த பதிவு எண் இருக்கிறதா என்பார். அப்படி ஒன்று இருப்பது எங்கள் அலுவலகத்துக்கே அவர் சொல்லித்தான் தெரியும். ஊதா மையில் குத்திய சீல் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மறைந்துவிடும் என்பதால் கலரில் எடுத்து, தளம் கேட்கிற எம்.பி.க்குள் வரும்படி எழுத்து உடையாமல் சுருக்கித் தருவார். கேட்பதற்குச் சின்ன வேலை. வீட்டில் உட்கார்ந்து 11 எம்.பி. பைலோடு மல்லுக்கட்டிப் பாருங்கள், தெரியும்.

என் விஷயத்தில் அவர் பிடித்தது இதைவிடப் பெரிது. ஆராய்ச்சி உதவியாளருக்கு ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் தொகை 2023-லிருந்து மாதம் 37,000, இரண்டு ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மூன்று ஆண்டுத் திட்டத்தில் வாடகைப்படியை விட்டுக் கணக்குப் போட்டால் 13,92,000 வரும். நான் இணையப் படிவத்தில் அதைச் சரியாகப் போட்டிருந்தேன். வரைவுக்குள் இருந்த அட்டவணையில் 36 மாதத்துக்கும் 37,000-மே போட்டு 13,32,000 என்று விட்டிருந்தேன். பாய் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், இங்க ஒரு துட்டு, அங்க ஒரு துட்டு கீது. எது கரெக்ட்டு?"

அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் நான்கு தடவை படித்த தாள் அது.

இன்னொரு கறார் உண்டு. கடைசி நாளில் வந்தால் தொடமாட்டார். நேரம் முடியப் போகும்போது நாடே அந்தத் தளத்துக்குள் நுழையும், பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும், பழி கடைமேல் வரும். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு தம்பி கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, பாய் அசையவில்லை.

சரி, இனி அவரால் முடியாதது. இதை எழுதாவிட்டால் நாளைக்கு யாராவது போய் ஏமாந்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

இரண்டாவது தடவை முதல் வாசலைத் தாண்டினேன், இரண்டாவது வாசலில் விழுந்தேன். ரிவ்யூவர் குறிப்பு வந்தது. கொட்டாங்குச்சிக் கரியை வைத்துத் தண்ணீரிலிருந்து குரோமியத்தை நீக்குவது ஏற்கனவே நிறையப் பேர் செய்தது, இதில் புதிய கேள்வி என்ன என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்து அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. கரி மலிவு, கிடைக்கிறது, செய்யத் தெரியும் என்பதால்தான் நான் அதை எடுத்தேன். கேள்வி இருந்ததால் இல்லை.

என் அம்மா வீடு ராணிப்பேட்டை பக்கம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது நான் பள்ளிச் சிறுமி. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையைப் பற்றிப் பேசுகிற சட்ட மாணவர்கள் இன்றும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். வீட்டுக் கிணற்றை மூடி வெகு நாளாகிறது. தோல் பதனிடப் போடுவது குரோமியம் மூன்று, அவ்வளவு நஞ்சில்லாத வகை. கிணற்றில் பயப்பட வேண்டியது குரோமியம் ஆறு. மண்ணில் இருக்கிற மாங்கனீசு ஆக்சைடு மூன்றை ஆறாக்கும் என்பது வேதியியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எவ்வளவு? மழைக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் அளந்து பார்க்கலாமே. இது என் கேள்வி. இதற்கு நான் இருக்கிற இடமும் ஒரு பலம், டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் மாதாமாதம் வாலாஜா வந்து கிணற்றில் வாளி போட முடியாது. மூன்றாவது தடவை இந்தக் கேள்வியைத்தான் இரண்டு பத்தியாக எழுதி முதல் பக்கத்தில் வைத்தேன். திரையில் கூப்பிட்டுக் கேட்ட குழுவும் கருவி விலையைப் பற்றி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரமெல்லாம் கிணறுகளைப் பற்றியே கேட்டது.

பாயிடம் இந்த உதவியெல்லாம் கிடைக்காது. அவரும் தருவதாகச் சொல்வதில்லை. "உள்ள எழுதியிருக்கிறது உங்க பாடு, ஓரம் மடங்காம போய்ச் சேர்க்கிறது என் பாடு" என்பார்.

நிதி வந்த பிறகுதான் அவர் அருமை இன்னும் தெரிந்தது. பணம் நம் கைக்கு வராது. நிறுவனத்தின் பெயரில் இதற்கென்றே திறக்கிற பூஜ்ய இருப்புக் கணக்கில் செலவுக்கு ஏற்ப நகரும். கருவிக்கு ஒதுக்கியதை எடுத்து ரசாயனம் வாங்க முடியாது. நிதியாண்டு முடிந்ததும் அரசுப் பொது நிதி விதிகளின் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், கூடவே செலவு அறிக்கை. அடுத்த தவணை அதைப் பார்த்துத்தான். அந்தப் படிவத்தின் அட்டவணை என் கணினியில் எப்படித் திறந்தாலும் கடைசிக் கட்டம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். பாயிடம் ஒரே பக்கத்தில் நிற்கிற படிவம் இருக்கிறது. நான் ஒரு நட்சத்திரம் தருவதென்றால் அதற்கே தருவேன். மார்ச் கடைசி வாரம் மட்டும் போகாதீர்கள், மாவட்டத்து ஆடிட்டர் அலுவலகப் பையன்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் அவர் கணினி. திரை முழுக்க ஊரார் பைல்கள். ஒருநாள் நான் போனபோது முன்னால் நின்ற மாணவனுக்கு ஏதோ தேடுகிறேன் என்று என் வரைவையே திறந்துவிட்டார். "பைனல் பைனல் 3" என்று நானே பெயர் வைத்தது, எப்படி மறப்பேன். திருட்டு எண்ணம் துளியும் இல்லாத மனிதர், ஆனால் புதுக் கேள்விதான் உங்கள் சொத்து என்றால் அது நடுக்கடையில் கிடக்கக் கூடாது. சொன்னேன். அன்றிலிருந்து என் கண்முன்னே அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்கிறார். நீங்களும் நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். பென் டிரைவுக்கு வைரஸ் வரும், மின்னஞ்சலில் அனுப்புவது மேல். தமிழ் தட்டச்சு பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் செய்வார், யூனிகோடு வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் 2 ரூபாய், கலர் 10, ஸ்கேன் 5, ஸ்பைரல் 50. காகிதம் சரிபார்ப்பதற்குக் காசு கிடையாது, கொடுத்தாலும் வாங்குவதில்லை. காலை 9 மணிக்குத் திறந்து ராத்திரி 9 வரை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதியம் 12.30-லிருந்து 2.30 வரை மூடியிருக்கும். ஞாயிறு பாதி நாள். வண்டி நிறுத்த இடமில்லை, ஸ்கூட்டரை எதிரில் டீக்கடை ஓரமாக விட்டு ஒரு டீயும் குடித்துவிடுங்கள், கடைக்காரர் திட்டமாட்டார். சீல் குத்துகிற வேலை இருந்தால் ஸ்டாம்ப் பேடு கையோடு கொண்டுபோங்கள். பாயிடம் இருப்பது எப்போதும் காய்ந்துதான் கிடக்கும்.